பூஜையில் இருந்த கடப்பாரை

ஆயுத பூஜை முடிந்து எல்லாருக்கும் பொரிகடலை கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் அட்டை ரோல் லாரி வந்து நின்றது. எட்டயபுரம் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது. மழையில் நனைந்தால் அட்டை அத்தனையும் குப்பைதான்.

லோடு இறக்கும் வெயிலுமுத்து, சாமி படத்துக்குக் கீழே கிடந்த கடப்பாரையைப் பார்த்தார். அதன் மேலெல்லாம் சந்தனமும் குங்குமமும்.

"தொடாதிய அண்ணாச்சி," என்றாள் ஸ்டோர் பார்க்கிற காளீஸ்வரி. "நாளைக்குக் காலையிலதான் எடுக்கணும்."

"அதுக்கு லீவு கெடச்சிட்டு. நமக்குத்தான் கெடைக்கல," என்றார் அவர். கூட வேலை செய்யும் சுடலைக்குமார் பொரி நிறைந்த வாயோடு சிரித்தான். காளீஸ்வரியும் சிரித்தாள்.

ஒவ்வொரு ரோலும் அரை டன். பலகைச் சரிவில் உருண்டு வந்து நின்றதும், மறுபடி உருளாமல் அடியில் ஒரு கட்டையைச் செருக வேண்டும். எந்நாளும் கடப்பாரை நுனியால்தான் அதைத் தள்ளுவார்கள். அன்றைக்கு வெயிலுமுத்து வலது கையாலேயே தள்ளினார். மூன்று ரோல்கள் சொன்ன பேச்சுக் கேட்டு நின்றன. நான்காவது, மூச்சு வாங்குவதுபோலக் கொஞ்சம் நின்றுவிட்டு, அரைச் சாண் நகர்ந்தது.

சத்தமே இல்லை. அந்த வெள்ளை உருளைக்கு முன்னால், எதையோ தேடுகிறவர்போல அவர் குனிந்தே இருந்தார். பிறகு வெகு நிதானமாக, "ஏட்டி காளி, கை உள்ள இருக்கு," என்றார்.

சுடலைக்குமார் தோளைக் கொடுத்து முட்டினான். ரோல் அசையவில்லை. காளீஸ்வரி சாமி படத்துக்கு ஓடினாள். விளக்கு சாய்ந்தது, பொரித்தட்டு கவிழ்ந்தது. சந்தனம் வழுக்க வழுக்கக் கடப்பாரையைத் தூக்கி வந்து, அடியில் கொடுத்து நெம்பினாள். கை வெளியே வந்தது. அது கைதான் என்று அவள் கண்ணுக்குப் பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒவ்வொரு விரலாகத் தொட்டு, "அசைங்க," என்றார். பெருவிரல் அசைந்தது. மற்ற நான்கும் வேறு யாருடையவோபோலக் கிடந்தன.

"ரெண்டு விரலை எடுத்தாகணும். மத்த ரெண்டும் தேறுதான்னு பாக்கலாம்."

வெயிலுமுத்து காளீஸ்வரி பக்கம் திரும்பினார். "எந்த ரெண்டுன்னு கேளு."

தொடாதிய என்று சொன்னவள், உள்ளங்கையில் காய்ந்திருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினாள். டாக்டர் தன் வலது கையைத் தூக்கி, சுட்டுவிரலையும் நடுவிரலையும் தொட்டுக் காட்டினார்.

வெயிலுமுத்து அந்த முழுக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.