நக்கிய கரண்டி

கொத்துக்கறியைக் கழுவாமல் அடுப்பில் போட்டபோதே கிருஷ்ணவேணிக்குக் குடலைப் புரட்டிவிட்டது.

கறி என்றால் மஞ்சள் தூள் போட்டுத் தண்ணீர் தெளிகிற வரைக்கும் அலச வேண்டும். ஆடானாலும் கோழியானாலும் அவள் வீட்டில் அதுதான் சட்டம். மாப்பிள்ளையாக வரப்போகிற விருத்தாசலமோ, கசாப்புக்கடையில் கொத்திக் கட்டிக்கொடுத்த பொட்டலத்தைப் பிரித்து, இரத்தம் ஒழுக ஒழுக அப்படியே சட்டியில் கவிழ்த்தான்.

"கழுவினா ருசியெல்லாம் தண்ணியோட பூடும் அத்தே" என்று சிரித்தான்.

அவள் மூக்கைத் துடைப்பது போல முந்தானையால் மூடிக்கொண்டாள்.

எல்லாம் அவள் புருஷன் தாண்டவராயன் இழுத்துவிட்ட வினை. விழுப்புரம் ரயில்வே ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன் வேலை பார்க்கிற அந்த மனுஷனுக்கு நாக்கு மட்டும் ஜமீன்தாருடையது. விருத்தாசலம் கண்டமங்கலத்துப் பையன். பாண்டிச்சேரி வழியாகப் பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போய், அங்கே சமையற்கட்டில் வேலை பார்த்துவிட்டு, கல்யாணத்துக்காக லீவில் வந்திருந்தான். பெண் பார்க்க வந்த அன்றே தாண்டவராயன் ஆரம்பித்துவிட்டார். "அங்கல்லாம் இன்னா துன்றானுங்க மாப்ள? ஒரு நாளு வந்து ஆக்கிப் போடுங்களேன்." வெள்ளந்தியான பையன், ஞாயிற்றுக்கிழமை பெட்டியும் கையுமாக வந்து நின்றுவிட்டான்.

வேறு சம்பந்தமாக இருந்திருந்தால் கிருஷ்ணவேணி அவனை அடுப்படி வாசற்படியைத் தாண்ட விட்டிருக்க மாட்டாள். இந்தச் சம்பந்தம் கைநழுவக் கூடாது. போன வருஷம் திண்டிவனத்தில் கூடி வந்தது ஒன்று, கடைசி நேரத்தில் கலைந்து போனது. எல்லாம் மகள் செண்பகத்தின் வாய். அந்த மாப்பிள்ளையின் அம்மா பெருமையாக, "எங்க வூட்ல ஆம்பள சாப்ட்ட எலையிலதான் பொம்பள சாப்புடுவா" என்று சொல்ல, இந்தப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்து, "எனக்குக் கொமட்டும்" என்று சொல்லிவிட்டாள். வந்தவர்கள் காபியைக் கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். பேச்சு கூட்டேரிப்பட்டு டீக்கடை வரைக்கும் போய்விட்டது. அப்புறம் ஒருத்தன் எட்டிப் பார்க்கவில்லை.

அன்றைக்குக் கிருஷ்ணவேணி மகள் முதுகில் நாலு வைத்தாள். "புருஷன் எச்சி ஒரு எச்சியாடி? உங்கப்பன் சாப்ட்ட எலையிலதான் நானு இத்தினி வருஷமா சாப்புடறேன். செத்தா பூட்டேன்?"

இப்போது மயிலம் கோயிலில் நிச்சயத்துக்கு நாள் பார்த்தாகிவிட்டது. பையன் எதைச் செய்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பல்லைக் கடிப்பது சுலபமாக இல்லை. மிளகாய் இல்லை, மல்லி இல்லை, இஞ்சி கூட இல்லை. வெண்ணெயில் வெங்காயமும் கேரட்டும் வதக்கி, கறியைப் போட்டு, தக்காளியைப் பிசைந்து ஊற்றினான். பெட்டியிலிருந்து பாண்டிச்சேரி பாட்டில் ஒன்றை எடுத்துச் சிவப்பாக எதையோ கொட்டினான். குப்பென்று புளித்த வாடை அடித்தது. சாராயம்! அவள் சட்டியில், அவள் அடுப்பில்! அதோடு விட்டானா? செம்பிலிருந்த பாலை எடுத்துக் கறியில் ஊற்றினான். பாலைக் கறியில் ஊற்றுகிற மனுஷனை அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. சட்டியில் கொழகொழவென்று செம்மண் சேறு போல ஒன்று கொப்புளம் விட்டுக்கொண்டு கிடந்தது. "நிதானமா வேவணும் அத்தே. எவ்ளோ நேரம் வேவுதோ அவ்ளோ ருசி" என்று ஸ்டவ்வைத் தணித்துவிட்டு, கூடவே கொண்டுவந்திருந்த மரக்கரண்டியால் கிளறிக்கொண்டே நின்றான்.

அப்போதுதான் அது நடந்தது. கரண்டியில் கொஞ்சம் அள்ளி, ஊதி, வாயில் வைத்து நக்கினான். கண்ணை மூடி ருசி பார்த்தான். நக்கிய கரண்டியை அப்படியே திரும்பச் சட்டிக்குள் விட்டுக் கிளறினான்.

கிருஷ்ணவேணிக்கு உடம்பெல்லாம் கூசியது. உப்புப் பார்க்க வேண்டுமானால் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்க மாட்டார்களா? பச்சைக் குழந்தைக்குக் கூடத் தெரியுமே! சரி, ஒரு தடவை மறந்திருப்பான் என்று நினைத்தாள். உப்புப் போட்டு மறுபடி நக்கினான். இன்னும் கொஞ்சம் பால் விட்டு மறுபடி. ஒவ்வொரு நக்கலுக்கும் அவள் தொண்டையில் ஏதோ ஏறி ஏறி இறங்கியது.

செண்பகமும் பார்த்துவிட்டாள். கிருஷ்ணவேணி அவளைக் கையைப் பிடித்துத் தோட்டத்துப் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள்.

"வாயத் தொறந்தேன்னு வெச்சிக்கோ, கொன்னே பூடுவேன். கண்ட மாதிரியே காட்டிக்காத."

"நானு இன்னா சொன்னேன்? உனக்குத்தான் மூஞ்சி கோணிக்கினு கீது. போயி மூஞ்சிய கழுவு."

ஒரு வழியாகச் சாப்பாடு தயாரானது. வெள்ளைக்காரச் சேமியாவை நீளநீளமாக வேகவைத்து வடித்திருந்தான். மழைக்காலத்தில் வாய்க்கால் கரையில் நெளியுமே மண்புழு, அதேதான். அதன் மேல் அந்தச் சேற்றை ஊற்றி, அதற்கும் மேல் ஈரச்சாக்கு நாற்றமடிக்கிற சீஸ் என்ற கட்டியைத் துருவிப் போட்டான். இலையில் வழிந்துவிடும் என்று எவர்சில்வர் தட்டுகளை எடுக்கச் சொன்னான்.

"எல்லாருமா ஒக்காருங்க அத்தே."

"பொம்பளைங்க அப்புறமா சாப்புடுவாங்க மாப்ள, நீங்க ஒக்காருங்க" என்றார் தாண்டவராயன்.

"எனக்கு வயிறு சரியில்ல தம்பி" என்றாள் கிருஷ்ணவேணி. அதில் பொய் ஒன்றும் இல்லை.

தாண்டவராயன் சாப்பிட்டார் என்று சொல்வது மரியாதைக்கு. உறிஞ்சினார். சேமியா ஒவ்வொன்றும் மீசையில் கறித்துணுக்கை ஒட்டிவிட்டு உள்ளே போனது. "பேஷ் மாப்ள, பேஷ்!" என்று இரண்டாவது தடவையும் வாங்கிக்கொண்டார். வயிறு முட்டியதும் மிச்சத்தோடு தட்டைக் கிருஷ்ணவேணி பக்கம் நகர்த்தினார். தினம் இலையை நகர்த்துகிறதுதான், அன்றைக்குத் தட்டு.

"இந்தா, வயித்துக்கு ஒண்ணும் ஆவாது. ஜல்தி சாப்புடு."

மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார். கேட்டால் கரண்டி விஷயம் வெளியே வரும். கிருஷ்ணவேணி உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு தட்டில் கை வைத்தாள்.

கை கழுவிவிட்டு உள்ளே வந்த விருத்தாசலம் அப்படியே நின்றான்.

"அத்தே! இன்னா பண்றீங்க? அது மாமா சாப்ட்ட தட்டு."

"என் தட்டுதான் மாப்ள" என்றார் தாண்டவராயன், திருநீறு பூசின முகம் மாதிரி நிறைவாக. "தாலி கட்டின நாள்லேர்ந்து அப்டித்தான். என் எலைய வுட்டு வேற எலையில அவ சாப்ட்டதில்ல."

விருத்தாசலம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எச்சில் கூட்டி விழுங்கினான். "தப்பா நெனக்காதீங்க மாமா. எனக்குக் கொமட்டுது."

மகள் சொன்ன அதே வார்த்தை. கிருஷ்ணவேணிக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ, காலையிலிருந்து கட்டிக் காத்த வாயை அவளே திறந்துவிட்டாள்.

"ஏன், நீங்க மட்டும் கரண்டிய நக்கி நக்கிச் சட்டியில வுட்டீங்களே தம்பி! அது எச்சி இல்லையா?"

போச்சு, மயிலமும் போச்சு, நிச்சயமும் போச்சு என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

விருத்தாசலம் காது வரைக்கும் சிவந்து போனான். "நக்கினேனா? அய்யோ, அங்க அப்டியே பழகிப் பூட்ச்சி அத்தே. எனக்கே தெரியல. இனிமே செய்ய மாட்டேன்."

இனிமே செய்ய மாட்டேன். அவ்வளவுதான் சொன்னான். ஒரு ஆண்பிள்ளை வாயிலிருந்து அந்த வார்த்தையை அந்த வீட்டுச் சுவர்கள் அதுவரை கேட்டதில்லை.

"மாப்ள எச்சியும் என் எச்சியும் ஒண்ணாடி?" என்று தாண்டவராயன் கத்தினார். "புருஷன் எச்சி எச்சியே இல்ல. நீ சாப்புடு!"

அவள் தட்டைப் பார்த்தாள். தினம் அடுப்படி இருட்டில் சோற்றைப் போட்டுப் பிசைந்து தின்றுவிடுகிறவள், அன்றைக்குத்தான் வெளிச்சத்தில் பார்த்தாள். பாதி கடித்துத் துண்டாக விழுந்த சேமியா. பிடிக்காமல் துப்பின தக்காளித் தோல். பல்லிடுக்கிலிருந்து நகத்தால் நோண்டி விளிம்பில் தடவின கறி நார். அதற்குப் பக்கத்தில் காலையில் போட்ட வெற்றிலையின் துணுக்கு ஒன்று, எச்சில் நூலோடு. இதையா? இத்தனை வருஷமும் இதையா அள்ளி அள்ளித் தின்றோம்? மகளை இதற்காகவா அடித்தோம்? அருவருப்பு உள்ளங்காலிலிருந்து ஏறியது. வாயைப் பொத்திக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினாள்.

முகம் கழுவித் திரும்பி வந்தவள், அலமாரியிலிருந்து வேறு தட்டு எடுத்தாள். ஒன்றல்ல, இரண்டு. ஒன்றைச் செண்பகத்திடம் நீட்டினாள்.

"இன்னாடி பண்ற?" என்றார் தாண்டவராயன். "இந்தத் தட்டுல நீ சாப்புடலன்னா இந்தச் சம்பந்தமே இல்ல, ஆமா!"

"நிச்சயம் நடக்கும். நீங்க வந்தா வாங்க" என்று சொல்லிவிட்டுச் சட்டியின் முன்னால் உட்கார்ந்தாள்.

தானே போட்டுக்கொண்டு, ஒரு வாய் வைத்தாள். சகிக்கவில்லை. பாலும் சாராயமும் கழுவாத கறியும் சேர்ந்து தொண்டையை அடைத்தன. மண்புழு நாக்கில் வழுக்கியது. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள், அடுத்த வாய் எடுத்தாள். பக்கத்தில் செண்பகம் தலையைக் குனிந்து தின்றுகொண்டிருந்தாள். தாண்டவராயனின் தட்டை எடுக்க ஆளில்லை. ஈ மொய்க்க ஆரம்பித்திருந்தது.

விருத்தாசலம் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தான். "இன்னும் கொஞ்சம் போடட்டா அத்தே?"

கிருஷ்ணவேணி புதுத் தட்டை நீட்டினாள்.

"போடுங்க. கரண்டிய கழுவிட்டுப் போடுங்க."