சூளைமுனையில் இறக்கம் உண்டா?

1

இந்தக் கதை எனக்கு எப்படி வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விருத்தாசலம் பஸ் நிலையத்தில் ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். எனக்குப் பின்னால் ஒரு பெண், "போர்டுல புதுசா பேரு சேக்கறாங்களாம்டி" என்று யாரிடமோ சொன்னாள். நான் திரும்புவதற்குள் அவள் ஏறிப் போய்விட்டாள். எந்த போர்டு என்று கேட்க முடியவில்லை. மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "வட்டாரப் பேருந்து வாரியத்தின் நிர்வாகக் குழுவை ஏழு பேரிலிருந்து ஒன்பது பேராக விரிவாக்குவது குறித்து..."

வாக்கியம் முடிவதற்குள் எனக்கே கொட்டாவி வந்துவிட்டது. ஆனாலும் விஷயம் அதுதான், மனதில் வைத்துக்கொள்ளுங்கள். (அப்படியொரு வாரியம் நிஜத்தில் இல்லை. தேடி அலையாதீர்கள்.)

2

அன்புக்கரசி செராமிக் கம்பெனியில் வேலை செய்கிறவள். பீங்கான் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறாள் என்றுதான் முதலில் வைத்தேன். அழகாக இருந்தது, அதனாலேயே சந்தேகம் வந்தது. இப்போது ஃபியூஸ் கட்டைகளின் பிசிறை ஈர ஸ்பாஞ்சால் துடைக்கிறாள்.

மாலையில் வெளியே வரும்போது புருவம்வரை வெள்ளைத் தூசி. சாலையும் மரங்களும் வெளுத்து, கம்பெனி இருக்கும் சூளைமுனையை யாரோ ரப்பர் வைத்துப் பாதி அழித்துவிட்ட மாதிரி இருக்கும். பஸ்ஸும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு நிற்காமல் போகும்.

கண்டக்டரிடம் ஒருநாள் கேட்டாள்.

"போர்டுல பேரு இல்லம்மா, அங்க நிக்காது. யாருக்காச்சும் எறக்கம் இருந்தா நிறுத்துவோம், அப்ப ஏறிக்க."

இறங்க ஆள் இல்லாத நாட்களில் அடுத்த நிறுத்தம்வரை இருட்டில் நடக்க வேண்டும். ஒருநாள் எவனோ பைக்கை உருட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தான். அதைக் கேட்டதும் அவள் கணவன் கொளஞ்சிநாதன் கோபப்படவில்லை, பயந்துவிட்டான். "பஸ்ஸுக்கு ஒரு வழி பண்ணு. இல்லேன்னா வேலைய வுட்டுடு" என்றான்.

அவளுக்கு விட மனமில்லை. கம்பெனியில்தான் அவளை அன்புக்கரசி என்று முழுசாகக் கூப்பிடுகிறார்கள். வீட்டில் எல்லோருக்கும் 'ஏய்'தான்.

3

பஸ் நிலையச் சுவரில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. "போர்டு விரிவாக்கம். புதிதாக இரண்டு பெயர்கள் சேர்க்கப்படும். பயணிகள் பெயர் தரலாம்."

(வாரியம் என்று ஒழுங்காகத் தமிழில் எழுதியிருந்தால் இந்தக் கதையே இல்லை.)

அன்புக்கரசி உடனே பெயர் கொடுத்தாள். சூளைமுனை.

பெயர் தந்தவர்களைக் கூட்டத்துக்கு அழைத்தார்கள். ஒவ்வொரு நாற்காலிக்கு முன்னாலும் ஒரு பெயர்ப்பலகை. ஒன்றில், 'திருமதி சூளைமுனை'. மின்விசிறிக் காற்றில் அது லேசாக ஆடியது. ஊரே தூசியைத் தட்டிக்கொண்டு வந்து அந்த நாற்காலியில் உட்காரப்போகிறது என்று ஒரு கணம் எனக்குத் தோன்றியது.

"திருமதி சூளைமுனை வந்துருக்காங்களா?" என்றார் தலைவர் ராஜ்மோகன்.

"அது நானில்லீங்க. எங்க ஸ்டாப்புங்க."

சிரித்தார்கள். ராஜ்மோகனும் சிரித்தார், கெட்ட மனிதர் இல்லை. "இது பஸ்ஸுல மாட்டுற போர்டு இல்லம்மா. நிர்வாக போர்டு."

"இதுல பேரு இருந்தா அதுல சேத்துடலாங்களா?"

(இந்த இடத்தில் கைதட்டல் வைத்திருந்தேன். அடித்துவிட்டேன். இந்த மாதிரிக் கூட்டங்களில் யாரும் கைதட்டுவதில்லை, பிஸ்கட் சாப்பிடுவார்கள்.)

"பரிசீலிக்கிறோம்" என்றார் ராஜ்மோகன். புதிய இடங்கள் வேறு இருவருக்குப் போயின. பெயர்ப்பலகையை மட்டும் அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். யாரும் மறுக்கவில்லை. அந்தப் பெயரில் வேறு யார் வரப்போகிறார்கள்.

4

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவளை உறுப்பினராக்கினேன். கூட்டத்தில் டீ குடித்தாள், சாலையில் பஸ் நிற்காமல் போனது. இன்னொன்றில் போர்டில் சூளைமுனை பெரிய எழுத்தில் வந்தது. எழுதிய எனக்கே நம்பிக்கை வரவில்லை. மூன்றாவதில் அவள் வேலையை விட்டு...

அதை எழுத எனக்குக் கை வரவில்லை. உண்மையாகவே வருத்தமாக இருந்தது.

ஆகவே உங்களை இந்த பஸ்ஸில் ஏற்றியிருக்கிறேன். ஜன்னலோர சீட். டிக்கெட் ஸ்ரீமுஷ்ணம்வரை. சூளைமுனையில் உங்களுக்கு ஒரு வேலையும் கிடையாது, எனக்குத் தெரியும். வெளியே வெள்ளையாக இருட்டிக்கொண்டு வருகிறது. தூரத்தில் ஒருத்தி, 'திருமதி சூளைமுனை' பலகையை நெஞ்சோடு பிடித்தபடி நிற்கிறாள். "இன்னிக்கும் நிக்கலேன்னா நாளைலேருந்து போவல" என்று காலையில் வீட்டில் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

டிரைவர் வேகத்தைக் குறைக்கவில்லை. கண்டக்டர் தலை நிமிராமல் கேட்கிறார்.

"சூளைமுனை எறக்கம் இருக்குதா?"

உங்களைத்தான் கேட்கிறார்.