ஆறாவது படியில் வாங்கிய மூச்சு

வலது தோளில் ஆணி இறக்கியது போல வலி. எல்லாரும் கட்டை என்று கூப்பிடும் அவன் பாயை விட்டு எழுந்து கையைச் சுழற்றிப் பார்த்தான். பாதி வட்டத்துக்கு மேல் போகவில்லை. இருபது வருஷமாக ஊரார் வீட்டுச் சாமான்களை மாடிக்கு ஏற்றி இறக்கிய தோள் அது. புதன்கிழமையிலிருந்து கூடுதலாக முனகுகிறது. உட்கார்ந்தால் நிற்கத் தோன்றியது, நின்றால் நடக்கத் தோன்றியது. அடுப்படிக்கும் வாசலுக்குமாக அவன் அலைவதைப் பார்த்து மனைவி அலுத்துக்கொண்டாள்.

"தரை தேஞ்சிடப் போகுது. நாலு வரி பாட்டுக்கா இந்தப் பயம்?"

பாட்டுக்குப் பயமில்லை. பாடும்போது பக்கத்தில் நிற்கப் போகிறவனை நினைத்துத்தான் பயம். அவன் இவளுடைய தம்பி. வேலையிலும் கட்டைக்கு ஜோடி அவன்தான்.

அவர்கள் இருவரும் பாட்டுக்குப் போனதே சாமான் ஏற்றப் போய்த்தான். நாலு மாதத்துக்கு முன் நூலகத்தின் மாடிக் கூடத்துக்கு ஒரு பழைய பியானோவை ஏற்றினார்கள். படிக்குப் படி இருவரும் அடித்தொண்டையில் "ம்" என்று ஒரு சத்தம் கொடுப்பார்கள். அந்தச் சத்தத்தில் சேர்ந்து மூச்சை இழுத்து, அடக்கி, தூக்கி, அடுத்த படியில் வைத்துவிட்டுத்தான் விடுவார்கள். மூச்சு பிசகினால் ஒருவன் இடுப்பு போய்விடும். மாடியில் நின்று அந்த "ம்"மைக் கேட்ட பாட்டு டீச்சர், பியானோவை எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. சனிக்கிழமை மத்தியானம் உங்களுக்கு வேலை உண்டா என்றுதான் கேட்டாள்.

வார நாளில் அவள் மருந்துக் கடையில் மாத்திரை எண்ணிக் கொடுப்பவள். சனிக்கிழமைகளில் அந்தக் கூடத்தில், பாடிப் பழக்கமே இல்லாதவர்களைச் சேர்த்துவைத்துப் பாடச் சொல்லிக் கொடுத்தாள். பஸ் டிரைவர், இரண்டு நர்சுகள், தையல்காரி, பல் விழுந்த தபால்காரர் என்று இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். எல்லாம் மேல்குரல். அடியில் தாங்க ஆளில்லை. பியானோ ஏற்ற வந்தவர்களைப் பாட்டில் ஏற்றிவிட்டாள் என்று தபால்காரர் வாராவாரம் சொல்லிச் சிரித்தார்.

கடைசிப் பாட்டில் ஒரு இடம் வரும். மற்றவர்கள் மேலே சொல்லோடு பாட, கட்டையும் மைத்துனனும் ஒரே அடிச்சுரத்தை இருபத்துநாலு எண்ணிக்கைக்கு அறுபடாமல் பிடிக்க வேண்டும். அவ்வளவு மூச்சு எந்த மனுஷனுக்கும் கிடையாது. அதனால் ஒருவன் மூச்சு வாங்கும்போது மற்றவன் தாங்க வேண்டும். எட்டில் மைத்துனன் வாங்குவான், பன்னிரண்டில் கட்டை. கேட்பவர்களுக்கு ஒரே குரலாகத் தெரியும். டீச்சர் சொல்லும்போது எளிதாகத்தான் இருந்தது. ஆனால் இந்த இரண்டு பேரும் வாரக்கணக்காக ஒன்றாகவே மூச்சு வாங்கினார்கள், ஒன்றாகவே விட்டார்கள். ஒவ்வொரு முறையும் பாட்டின் அடியில் ஓட்டை விழுந்தது. இருபது வருஷப் பழக்கத்தை என்ன செய்வது?

"வேலை செய்யும்போதும் பழகுங்க. அவர் வாங்கும்போது நீங்க வாங்காதீங்க. அவ்வளவுதான்" என்றாள் டீச்சர்.

கட்டை அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். லாரியில் போகும்போது பழகினான். குளிக்கும்போது பழகினான். போன வாரம் சனிக்கிழமை முதல் தடவையாக ஓட்டை விழாமல் பிடித்துவிட்டார்கள். தபால்காரர் கை தட்டினார்.

புதன்கிழமை ஒரு இரும்பு பீரோவை மூன்றாம் மாடிக்கு ஏற்ற வேண்டியிருந்தது. கட்டை மேலே, மைத்துனன் கீழே. பாரம் முழுக்கக் கீழே நிற்பவனுக்குத்தான். ஆறாவது படி. மைத்துனன் "ம்" என்று மூச்சை இழுத்தான். கட்டையின் உடம்பு தன்பாட்டுக்குக் காத்திருந்தது. அவன் இழுத்து முடிக்கட்டும் என்று காத்திருந்துவிட்டு, மைத்துனன் தூக்கிய நொடியில் கட்டை நெஞ்சைத் தளர்த்தி மூச்சு வாங்கினான். தளர்ந்த நெஞ்சோடு கையும் தளர்ந்தது. பீரோ ஒரு படி இறங்கியது. சுவருக்கும் இரும்புக்கும் நடுவே மைத்துனனின் இடது கை இரண்டு விரல் மாட்டிக்கொண்டது.

கீழே நிற்பவனுக்கு மேலே நிற்பவனின் முகம் தெரியாது. நடுவில் பீரோ இருக்கிறது. "என் கால் வழுக்கிடுச்சு மாமா" என்று மைத்துனனே முதலில் கத்தினான். கட்டை வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர் வந்துவிட்டார், பின்னாலேயே மேஸ்திரி வந்தார். மைத்துனன் பேரில் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டார். திங்கட்கிழமையிலிருந்து லாரியில் ஏற வேண்டாம், கிடங்கில் உட்கார்ந்து பீங்கான் தட்டுகளைக் காகிதத்தில் சுற்று என்று சொல்லிவிட்டார். பாரம் தூக்குகிறவனுக்கு அதைவிடக் கேவலம் கிடையாது. அன்று சாயங்காலமே லாரிப் பையன்கள் அவனை 'காகிதம்' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

வீட்டில் அக்காக்காரியும் தம்பியைத்தான் திட்டினாள். சின்ன வயசிலிருந்தே அவனுக்குக் கால் தரையில் நிற்காது, பீரோ உங்களையும் கீழே இழுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றாள். கட்டை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். வாயில் வைக்கவில்லை.

வியாழன், வெள்ளி, சனி. மூன்று நாளும் சொல்லிவிடுவோம் என்று கிளம்பிப் பாதி வழியில் திரும்பி வந்தான். சொன்னால் கிடங்குக்குப் போக வேண்டியவன் கட்டைதான். இந்த வயசில் கிடங்குக்குப் போனவன் லாரிக்குத் திரும்பியதில்லை.

இன்று ஞாயிறு, பதினோரு மணிக்கு நிகழ்ச்சி. நூலகக் கூடத்தில் நாற்பது நாற்காலி போட்டிருந்தார்கள். முன் வரிசையில் அவரவர் வீட்டு ஆட்கள். நர்சுகள் ஒருவருக்கொருவர் தலைவாரிவிட்டுக்கொண்டிருந்தார்கள். பஸ் டிரைவர் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தார். மைத்துனன் வெள்ளைச் சட்டை போட்டு, கட்டுப்போட்ட கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றான். கட்டை அவனை ஜன்னலோரமாகத் தள்ளிக்கொண்டு போனான்.

"மாப்ள, ஒண்ணு சொல்லணும்."

"தோள் வலிதானே? அக்கா சொல்லிச்சு. மூச்சு பத்தலைன்னா எப்ப வேணா வாங்கிக்கங்க மாமா. நான் புடிச்சுக்கிறேன்."

அதற்குள் டீச்சர் கை தட்டி வரிசைக்குக் கூப்பிட்டாள்.

முதல் இரண்டு பாட்டும் எப்படிப் போயின என்று கட்டைக்குத் தெரியாது. கடைசிப் பாட்டு வந்தது. டீச்சரின் கை அவர்கள் பக்கம் திரும்பியது. இருவரும் சுரத்தைப் பிடித்தார்கள். ஒன்று, இரண்டு. கூடத்தின் மரத்தரை காலடியில் மெல்ல அதிர்ந்தது. கட்டையின் கண்ணுக்கு டீச்சர் தெரியவில்லை, படிக்கட்டுதான் தெரிந்தது. ஐந்து. ஆறு. ஆறில் நெஞ்சு தளர்ந்துவிட்டது. குரல் அறுந்தது.

எட்டில் மைத்துனன் மூச்சு வாங்க வேண்டும். வாங்கவில்லை. இவன் பக்கம் திரும்பவுமில்லை. கழுத்து நரம்பு புடைக்க, அதே சுரத்தில் நின்றான். ஒன்பது, பத்து. கட்டை மூச்சை இழுத்தான், குரல் வரவில்லை. பன்னிரண்டு. மைத்துனனின் காது சிவந்தது. சத்தம் மட்டும் நடுங்கவில்லை. பதினைந்தில்தான் கட்டையின் குரல் திரும்பி வந்தது. அது வந்து நின்ற பிறகே மைத்துனன் மூச்சு வாங்கினான். மேல்குரலில் பாடிக்கொண்டிருந்த யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஓட்டை விழவே இல்லையே, எத்தனை நாள் பழகினீர்கள் என்று தபால்காரர் கேட்டார். கட்டை படிக்கட்டுப் பக்கம் போய்க் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். மைத்துனன் இன்னும் மூச்சிரைத்துக்கொண்டே பின்னால் வந்தான். சிரித்தான்.

"அன்னிக்குப் படியில நான் விட்டேன், இன்னிக்கு நீங்க விட்டீங்க. சரியாப் போச்சு மாமா."

இதுதான் சொல்ல வேண்டிய இடம். கட்டை வாயைத் திறந்தான். கீழே முன்வாசலில் மனைவி நின்று தம்பியைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் எவ்வளவு நன்றாகப் பாடினீர்கள் என்று அங்கிருந்தே சொன்னாள்.

"கை எப்படி இருக்கு?" என்றான் கட்டை.

"தட்டு சுத்த ரெண்டு விரல் கம்மிதான். மத்தபடி ஒண்ணுமில்லை" என்று சொல்லிவிட்டு மைத்துனன் அவனைத் தாண்டிப் படியிறங்கினான்.

கட்டை பின்னாலேயே இறங்கினான். ஆறாவது படியில் கால் தானாக நின்றது. நாளைக் காலை ஏழு மணிக்கு லாரி கிளம்பும், மைத்துனன் கிடங்குக்குப் போவான். ஆறாவது படியில் பீரோவை விட்டது நான்தான் என்ற ஒரு வார்த்தையை மேஸ்திரியிடமும் மைத்துனனிடமும் அவன் சொல்ல வேண்டும். அந்தக் கடன் அப்படியே நின்றது.