ஆண்டாளின் மூக்கு

ஆண்டாளின் மூக்குக்கு வில்லியனூரில் போட்டி கிடையாது. சாராயமா, பிராந்தியா, பீரா என்று கணவன் அருள்முருகன் வண்டியை நிறுத்தும்போதே சொல்லிவிடுவாள். குடிகாரனோடு குடும்பம் நடத்தினால் யாருக்கும் அந்தப் படிப்பு வந்துவிடும், பட்டம்தான் தரமாட்டார்கள். அவன் குடியை விட்டு மூன்று வருஷம் ஆகிறது. "இன்னொரு தபா வாசன வந்துச்சுன்னா பொண்ண இட்டுகினு பாகூருக்கு எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன், திரும்ப மாட்டேன்" என்று அன்று சொன்னாள். சொன்னதைச் செய்கிறவள். இன்றைக்கும் சாயங்காலம் அவன் கையிலிருந்து சாப்பாட்டுப் பையை வாங்குகிற சாக்கில் ஒரு தடவை மோந்து பார்த்தால்தான் அவளுக்கு நிம்மதி.

அந்த மூக்குக்கே இப்போது குழப்பம் வந்துவிட்டது. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சகாயராணி சொன்னதிலிருந்து அருள்முருகன் கீட்டோவுக்கு மாறியிருந்தான். சோறு, இட்லி எல்லாம் கட். முட்டை, கறி, நெய், கீரைதான். மாவுச்சத்து போகாவிட்டால் உடம்பு தன் கொழுப்பையே எடுத்து எரிக்குமாம். எரிகிறதா என்று பார்க்க ஒரு காகிதப் பட்டை இருக்கிறது, சிறுநீரில் நனைத்தால் ஊதாவாக மாறவேண்டும். அது மாறினால்தானே. மூலக்குளத்தில் அவன் மோட்டார் காயில் கட்டுகிற பட்டறைக்கு வரும் சர்க்கரை போட்ட டீயை அவனால் விடமுடியவில்லை. ஒருவழியாக அதையும் விட்டபிறகுதான் பட்டை ஊதாவானது.

"பாத்தியாடி?" என்று அதை அவள் முகத்துக்கு நேரே நீட்டிச் சிரித்தான். அந்தச் சிரிப்போடு ஒரு வாசனையும் வந்தது. அழுகத் தொடங்கிய அன்னாசிப்பழத்தில் மகளின் நகப்பூச்சை அழிக்கிற தண்ணியைக் கலந்த மாதிரி.

"இன்னா குடிச்ச?"

"மோருகூட குடிக்கலடி. பொண்ணு மேல சத்தியம்."

குடித்த காலத்திலும் மகள் மேல்தான் சத்தியம் செய்வான். ஆனால் கண் சிவக்கவில்லை, பேச்சு குழறவில்லை. காலையில் பல் விளக்கிய பிறகும் அதே வாசனை. தூக்கத்தில் எழுந்து எவன் குடிப்பான்? பாகூருக்குத் துணி எடுத்து வைத்தாள், வெளியே எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

மறுநாள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, பட்டறைக்குப் பக்கத்து ஒயின்ஷாப்புக்கே போய்விட்டாள்.

"அன்னாசிப்பழ வாசன வர்ற சரக்கு எதுனா இருக்குதா?"

கடைக்காரர் சுப்பராயலு இப்படி ஒரு கேள்வியைக் கேட்டதே இல்லை. "உனக்காம்மா?"

"வூட்டுக்காரருக்கு. பட்டற அருள்முருகன்."

"அவனா? இந்தப் படி ஏறி வருஷக்கணக்கா ஆவுதே."

இருந்தாலும் பாவம் பார்த்து, ஊர் சுற்ற வருகிற பையன்கள் குடித்துப்போட்ட ஆப்பிள், ஆரஞ்சு, மாங்காய் வாசனைக் காலி பாட்டில்களை பாரிலிருந்து கொண்டுவந்து வைத்தார். ஒவ்வொன்றாக மோந்தாள். எதிலும் அந்த வாசனை இல்லை. குடிக்கவில்லை என்றால் உள்ளே என்ன அழுகுகிறது? இப்போது வேறு பயம் பிடித்துக்கொண்டது. நேரே டாக்டரிடம் ஓடினாள்.

டாக்டர் சிரித்தார். "கொழுப்பு எரிஞ்சா அசிட்டோன் மூச்சுல வெளிய வரும்மா, நகப்பூச்சு அழிக்கிற தண்ணியில இருக்கறதும் அதேதான். வாய் நாறும், தண்ணி நிறைய குடிங்கன்னு அவர்கிட்ட அன்னைக்கே சொன்னேனே."

அந்த மனுஷன் வீட்டில் வாயைத் திறந்து சொல்லியிருந்தால் என்ன?

பஸ்ஸில் வரும்போது சந்தோஷம் வரவேண்டும். வரவில்லை. இனிமேல் இந்தப் பழ வாசனைக்கு அடியில் அவன் ஒரு குவார்ட்டரை ஊற்றிக்கொண்டு வந்தாலும் அவளுக்கு எப்படித் தெரியும்? சாயங்காலம் அவன் வந்ததும் ஒயின்ஷாப்புக்குப் போனது முதல் எல்லாவற்றையும் அவனிடமே கொட்டிவிட்டாள்.

அவன் தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். "சோறு போடு. வாசன போயிடும்."

"சக்கர ஏறாதா?"

"மாத்திர போட்டுக்கறேன். பைய வாங்கும்போது நீ மூச்ச இழுக்கறது எனக்குத் தெரியாதா? தெனம் தெருமுன வரும்போதே நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கும், ஆண்டாளு. ஒரு சொட்டு குடிக்காதப்பவும்."

கரண்டியில் சோற்றை அள்ளியவள் அப்படியே நின்றாள். மூன்று வருஷமாக அவள் நம்பியது அவனை இல்லை, தன் மூக்கைத்தான். சோற்றைப் பானையிலேயே திரும்பப் போட்டு மூடினாள்.

"எத்தினி முட்ட?"

"மூணு."

மூக்கை விட்டுவிட்டு ஒருவனை எப்படி நம்புவது என்று அவளுக்குச் சத்தியமாகத் தெரியவில்லை. தெரியாமலேயே அடுப்பைப் பற்றவைத்தாள்.