முன்பக்கம் கட்டிய பேனர்

அப்துல் மஜீது குவைத்தை முடித்துக்கொண்டு வந்து வாங்கிய வண்டிக்கு எங்கள் முத்துப்பேட்டை கடைத்தெருவில் கப்பல் என்று பெயர். எட்டுப் பேர் உட்காரலாம். கியர் போட வேண்டாம், அதுவே மாற்றிக்கொள்ளும். தானே கியர் மாற்றும் வண்டிக்கு டிரைவர் எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். "கல்லாப்பெட்டி தானாத்தான் பூட்டிக்குது, அப்புறம் முதலாளி எதுக்கு?" என்று திருப்பிக் கேட்டார். எனக்கு ஹார்டுவேர் கடை. என் பெயர் பஞ்சநதம், கடைக்கும் அதே பெயர். மஜீது எப்போதும் முதலாளி என்றுதான் கூப்பிடுவார், அதில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று நான் எடை போட்டுப் பார்த்ததில்லை.

அவர் அங்கே பதினான்கு வருஷம் மீட்பு வண்டி ஓட்டியவர். பாலைவனத்தில் பழுதாகி நிற்கும் வண்டிகளைக் கட்டி இழுத்து வருவது வேலை. ஐம்பது டிகிரி வெயிலில் இழுத்த மனிதர் என்பதை இங்கே சொல்லி வைத்துவிடுகிறேன். பின்னால் தேவைப்படும்.

அந்தக் கார்த்திகையில் ஆறு நாள் மழை விடவில்லை. ஏழாம் நாள் காலை ஆறரை மணிக்கு மஜீதுக்குக் குவைத்திலிருந்து போன் வந்தது. பேசியது இளஞ்செழியன், அங்கே அவரோடு ஒரே அறையில் ஒன்பது வருஷம் இருந்தவன். அவன் வீடு பாபநாசத்துக்குப் பக்கத்தில், குடமுருட்டிக் கரையோரப் படுகையில். கரை உடைந்திருந்தது. மற்ற வீட்டுக்காரர்கள் முந்தின நாளே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள். அவன் அப்பா பக்கிரி, மாட்டை விட்டுவிட்டு வர மாட்டேன் என்று இருந்துவிட்டார். அவரை விட்டுவிட்டு வர மாட்டேன் என்று அம்மா பூவம்மாளும் இருந்துவிட்டார். விடிந்தபோது மாடு போய்விட்டது. இரண்டு பேரும் ஓட்டுக்கூரைக்கு அடியில் பரண்மேல் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பரணைத் தாங்குவது மண்சுவர்.

சுவர் மத்தியானம் வரை நிற்கும் என்று பக்கிரி மகனிடம் சொல்லியிருக்கிறார். அதைச் சொல்லி முடித்ததும் அவர் செல்போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. அரசாங்கப் படகு வரும் என்றார்கள். எப்போது என்று கேட்டால் வரும் என்றுதான் சொன்னார்கள்.

எங்களிடம் படகு இருந்தது. ஆஸிம் அலையாத்திக் காட்டுக்கு ஓட்டும் ஃபைபர் படகு, மோட்டாரோடு. அதைத் துரைராசுவின் டிராக்டர் டிரெய்லரில் ஏற்றிக் கட்டினோம். துரைராசு தன் டிராக்டராலேயே இழுக்கிறேன் என்றார். "அஞ்சு மணி நேரம் ஆவும். ஆனா போய்ச் சேந்துடும்." அஞ்சு மணி நேரம் என்றால் பன்னிரண்டரை. மஜீது கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, கப்பலில் மாட்டினால் மூன்று மணி நேரம் என்றார். வண்டியின் பின்னால் அவர் ஏற்கெனவே கொக்கி வைத்திருந்தார், பழக்க தோஷம். டிரெய்லர் அதில் மாட்டப்பட்டது. துரைராசு இன்னொரு டிரெய்லரில் அரிசி மூட்டைகளோடு பின்னால் வருவது என்று முடிவாயிற்று.

அப்போதுதான் பேனர் வந்தது.

நிவாரணத்துக்காக வணிகர் சங்கத்தில் முந்தின நாளே அடித்து வைத்திருந்தோம். ஆறடி அகலம், நாலடி உயரம். மேலே 'வெள்ள நிவாரணம்', கீழே பதினோரு கடைகளின் பெயர். செயலாளர் என்ற முறையில் அடக்கமாக என் கடையைக் கடைசியில் போடச் சொல்லியிருந்தேன். கடைசி வரி என்பதால் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கச் சொன்னேன்.

வண்டி முகப்பில் கட்டப் போனபோது மஜீது தடுத்தார். கூரைமேல் கட்டுங்கள் என்றார். கூரையைக் காக்காய்தான் படிக்கும் என்றேன். அவர் என்னைக் குனியவைத்து, முகப்புச் சட்டத்துக்குப் பின்னால், ரேடியேட்டருக்கும் முன்னே கீழாக இருந்த ஒரு சின்னச் சல்லடையைக் காட்டினார்.

"இதுதான் கியர்பாக்ஸ் ஆயிலுக்கு மூக்கு. பாரம் இழுக்கறப்ப எஞ்சினுக்கு முன்னாடி கியர்பாக்ஸுக்குத்தான் சூடு ஏறும். ஆயில் இங்க வந்து காத்து வாங்கிட்டுத்தான் உள்ள போவும். மூக்கைக் கட்டுனா செத்துடும், முதலாளி."

"மழை கொட்டுது பாய். மழையில எப்படி சூடாவும்?"

"மழை வெளியிலதான் பெய்யுது. சூடு உள்ள."

நான் வியாபாரிகளுக்கு நடுவில் வளர்ந்தவன். ஒருவர் வேண்டவே வேண்டாம் என்றால் அது அவர் சொல்லும் முதல் விலை. முழுசும் வேண்டும் என்பது என் விலை. நியாயம் இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கும், கொஞ்ச நேரம் பேசினால் அகப்பட்டுவிடும். பேசினோம். பானெட் மேல் விரித்துக் கட்டுவது, முகப்பில் ஒரு சாண் மட்டும் தொங்கவிடுவது, மீதியை உள்பக்கம் மடித்துவிடுவது என்று படிந்தது. நேரம் போகிறதே என்றுதான் மஜீது அதற்கும் இறங்கி வந்தார். மடிப்புக்குள் போனது கடைசி இரண்டு வரி. அதில் ஒன்று நான்.

ஏழரைக்குக் கிளம்பினோம். மஜீது ஓட்டினார். பக்கத்தில் நான், பின்னால் ஆஸிம், ரொட்டிப் பொட்டலங்கள். மஜீது ஏ.சி. போடவில்லை. வேகம் காட்டவில்லை. கியரைத் தாழ்த்தியே வைத்து, கர்ப்பிணியை ஏற்றிப்போகிறவர் மாதிரி ஓட்டினார். மன்னார்குடி தாண்டியபோது எஞ்சின் சூடு காட்டும் முள் நடுவில் அசையாமல் நின்றது. அந்த முள்ளை நம்பாதீர்கள் என்றார். அது எஞ்சினுக்கு. கியர்பாக்ஸுக்கு இந்த வண்டியில் முள் கிடையாது, ஒரு சிவப்பு விளக்குதான். அதுவும் எல்லாம் முடிந்த பிறகு துக்கம் சொல்ல வரும்.

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. அந்தக் கேட் மூடினால் லேசில் திறக்காது என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். மஜீது இறங்கி, டிரெய்லர் கொக்கியையும் படகுக் கயிற்றையும் பார்க்கப் பின்னால் போனார். ஆஸிமும் கூடப் போனார். நான் முன்னால் இறங்கினேன். ஒரு கடை வாசலில் குடை பிடித்து நின்ற பத்திரிகைக்காரர் படகைப் பார்த்துக் கேமராவோடு வந்தார். எந்த ஊர், யார் அனுப்புகிறார்கள் என்று கேட்டார். பேனரைக் காட்டினேன். காற்றில் அது சுருண்டு கிடந்தது. "கீழ எழுத்து தெரியலையே சார்" என்றார்.

மடிப்பை எடுத்து இழுத்தேன். பம்பர் வரை வந்தது. இரண்டு மூலையிலும் சணல் கோத்து, பம்பருக்கு அடியில் இழுத்துக் கட்டினேன். சிப்பம் கட்டி முப்பது வருஷப் பழக்கம், கை தானாகவே முடிச்சுப் போட்டுவிட்டது. படம் எடுத்தார். மறுநாள் பத்திரிகையில் வந்தது. ஒரு எழுத்துக்கூட மறையவில்லை.

அவிழ்க்க வேண்டும் என்று நினைக்காமல் இல்லை. கேட் திறந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். மஜீது ஓடிவந்து ஏறினார். ஓட்டுகிறவர் இடத்திலிருந்து பார்த்தால் பானெட்டின் மேல்பக்கம்தான் தெரியும். வலங்கைமானில் இன்னும் யாராவது கேமராவோடு நிற்கக்கூடும், அதற்கப்புறம் அவிழ்த்துக்கொள்ளலாம், மழையும் கொட்டுகிறது என்று எனக்கு நானே ஒரு விலை சொல்லி, நானே படியவும் வைத்துக்கொண்டேன்.

அங்கிருந்து சாலை சாலையாக இல்லை. இரண்டு பக்கமும் சம்பா முழுகிக் கிடந்தது, நடுவே சேறு. வண்டி நடக்கிற வேகத்தில் உறுமிக்கொண்டு போனது. அரை மணி நேரத்தில் ஒரு வாடை வந்தது, வெந்தயம் கருகுவது போல. மஜீது ஜன்னலை இறக்கி மோந்து பார்த்தார். ஹீட்டரைத் திருகி முழுசும் வைத்தார். உள்ளே அனல் அடித்தது. எஞ்சின் சூட்டைக் கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்கிக்கொள்வதற்கு என்றார். எனக்கு வேர்த்தது. வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம், அப்போதுகூட.

வலங்கைமானுக்கு முன்னால் ஒரு பாலத்து ஏற்றத்தில் எஞ்சின் கத்தியது, வண்டி நகரவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது. மஜீது எஞ்சினை நிறுத்தாமல் நியூட்ரலில் விட்டார். நிறுத்தினால் எண்ணெய் ஓட்டம் நின்று சூடு அப்படியே உள்ளே தங்கிவிடும் என்றார். இறங்கி முன்னால் போனார். நானும் போனேன்.

பேனர் முகப்பில் தோல் மாதிரி ஒட்டியிருந்தது.

அவர் சத்தம் போடவில்லை. "யாரு கட்டுனது?"

"காத்துல இறங்கி மாட்டிக்கிச்சு போல பாய்."

குனிந்து சணல் முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். "காத்து நல்லா முடிச்சுப் போடுது, முதலாளி" என்றார். அறுத்துக் கையில் கொடுத்தார். அதற்குப் பிறகு அன்று என்னிடம் அவர் பேசியது ஒரே ஒரு வாக்கியம்.

மணி பத்தேகால். முக்கால் மணி நேரம் மழையில் நின்று ஆறவிட்டோம். அளவுக்கம்பியை உருவிப் பார்த்தார், எண்ணெய் டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. மறுபடி எடுத்தார். இருநூறு கெஜம் போனது. பிறகு எந்தக் கியரில் போட்டாலும் கத்தல் மட்டும்தான். இடையில் இளஞ்செழியன் இரண்டு தடவை கூப்பிட்டான். வந்துக்கிட்டே இருக்கோம் என்று மஜீது சொன்னார். வேறு வண்டி கேட்டு நான் ஊருக்குள் ஓடினேன். வியாபாரத்தில் எனக்குப் படியாத ஆள் கிடையாது. அன்று யாரும் படியவில்லை. இருந்த இரண்டு டிராக்டர்களும் அவரவர் வீட்டு ஆட்களைக் கரையேற்றிக்கொண்டிருந்தன.

பன்னிரண்டு மணிச் சங்கு ஊதுவதற்குக் கொஞ்சம் முன்னால் துரைராசு வந்து சேர்ந்தார். கிளம்பிய அதே வேகத்தில், டடடட என்று. நின்றிருந்த கப்பலைப் பார்த்துவிட்டு இறங்கினார். அரிசி டிரெய்லரைக் கழற்றி ஓரம் தள்ளி, கப்பலைத் தள்ளி, படகு டிரெய்லரை மாட்டுவதற்குள் ஒரு மணி நேரம் போய்விட்டது. உடைப்புக்குப் போய்ப் படகை இறக்கியபோது ஒன்றரை.

படகில் ஆஸிம், மஜீது, நான். ரொட்டி நனையாமல் பேனரைப் போட்டு மூடியிருந்தோம். மோட்டார் விசிறியில் நெற்பயிர் சுற்றிக்கொண்டது. ஆஸிம் இரண்டு தடவை நிறுத்தி அறுத்தார். வீடு இருந்த இடத்தில் ஓடுகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து தண்ணீரில் கிடந்தன. பின்னால் வைக்கோல்போர் பாதி நின்றது. அதன்மேல் பக்கிரி உட்கார்ந்திருந்தார், மடியில் பூவம்மாளைக் கிடத்திக்கொண்டு. அந்த அம்மாளின் தலையில் ஓட்டுச்சில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆஸிம் படகைப் போரில் அணைத்தார். பக்கிரி எங்களைப் பார்த்தார்.

"இப்பத்தான்" என்றார். "ஒரு மணி சங்கு கேட்டுச்சு. அதுக்கப்புறந்தான் சுவரு போச்சு. அதுவரைக்கும் இவ பேசிக்கிட்டுத்தான் இருந்தா. படகு வருது, வருதுன்னு நாந்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன்."

நான் கணக்குப் போடவில்லை, அது தானே போட்டுக்கொண்டது. கப்பல் ஒழுங்காக வந்திருந்தால் பத்தரை, பதினொன்று. துரைராசு சொன்னபடி டிராக்டரே இழுத்திருந்தாலும் பன்னிரண்டரை.

அந்த அம்மாளைப் படகில் இறக்கினோம். மேலே போர்த்த எங்களிடம் காய்ந்த துணி ஒன்றுமில்லை. பக்கிரி சுற்றுமுற்றும் பார்த்தார். ஆஸிம் ரொட்டிமேல் இருந்த பேனரை உருவி என்னிடம் நீட்டினார். எழுத்து உள்பக்கம் போக, வெள்ளை மேலே வர, கால்வரை போர்த்தினேன். காற்று ஓரத்தைத் தூக்கியது. பக்கிரி அதை இழுத்து மனைவியின் காலடியில் செருகினார். செருகிய மடிப்பில் கடைசி வரி வெளியே வந்தது. அவருக்கு எழுத்துத் தெரியாது. துணி நல்ல கெட்டி என்று தடவிப் பார்த்துக்கொண்டார்.

மஜீதின் போன் அடித்தது. அவர் பெயரைப் பார்த்துவிட்டு எடுக்காமல் என் கையில் வைத்தார். "நீங்க சொல்லுங்க, முதலாளி."

சொன்னேன். அந்தப் பக்கம் ஏதோ யந்திரம் ஓடுவது மட்டும் கேட்டது, வேலை இடத்திலிருந்து பேசினான் போல. பிறகு அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டான். இருக்கிறார் என்றேன். ஏன் இவ்வளவு நேரம் ஆச்சு என்று கேட்டான். அதைக் கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

"வழியில வண்டி நின்னுடுச்சு தம்பி. கியர்பாக்ஸ் சூடாகி."

"மழையில எப்படி சூடாவும்?"

காலையில் நான் கேட்டதுதான், சொல் மாறாமல். பதில் எனக்குத் தெரியும். எதிரே மஜீது உட்கார்ந்திருந்தார், ஒரு கை தூரத்தில். போன் சத்தம் அவருக்கும் கேட்டது.

"மஜீது பாய் எத்தனை வண்டி இழுத்தவரு" என்றான் அவன். "கிளம்பறப்பவே பார்த்திருப்பாரே. சரியாப் பார்க்கலையா?"

முழு உண்மைக்கும் முழுப் பொய்க்கும் நடுவே ஒன்றைத் தேடினேன். கிடைத்தது.

"அப்படித்தான் இருக்கும் தம்பி" என்றேன்.

மஜீது கையை நீட்டினார். போனைக் கொடுத்தேன். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"ஆமா செழியா. முன்னாடி போய் ஒரு தடவை பார்த்திருக்கணும். பார்க்காம விட்டுட்டேன்."

பக்கிரி நிமிர்ந்து அவரைப் பார்த்தார். ஆஸிம் மோட்டாரைக் கிளப்பினார். கரை வந்து சேரும்வரை அந்த மனிதர் மஜீதையே பார்த்துக்கொண்டு வந்தார், ஒரு கையால் என் பெயரைப் பிடித்துக்கொண்டு.