கீறல் கயிறான கப்பல்

குவைத்தை ஈராக் பிடித்த ஆண்டில் பாறூக் வெறுங்கையோடு காத்தான்குடிக்குத் திரும்பினான். மடியில் கண்ணாடி வெட்டும் சின்னச் செப்புச் சக்கரச் சில்லுகள் சில மட்டும். குவைத்தில் கண்ணாடியில் சித்திரம் வெட்டினேன் என்று அவன் சொன்னதை யார் நம்பினார்கள்?

"கக்கூசு கழுவின கதையச் சொல்லு மச்சான்," என்று தேத்தண்ணிக்கடை மஜீட் எல்லார் முன்னாலும் கேட்டான்.

ஊரைச் சுற்றிச் சண்டை. ஒருநாள் ஷெல் குண்டு விழுந்த அதிர்ச்சியில் மஜீட் வீட்டு அலுமாரி ஆடி, ஒல்லாந்தர் காலத்துக் கிளாசில் நீளக் கீறல் விழுந்தது. பாய்க்கப்பல் செதுக்கிய கிளாஸ். அந்த வீட்டு மாப்பிள்ளைகள் முதல் சர்பத் குடிப்பது அதில்தான். மகளுக்கு வெள்ளிக்கிழமை கலியாணம். கீறலை மறைத்துத் தரச் சொல்லி, மஜீட் வேறு வழியின்றி பாறூக்கிடம் வந்தான்.

"உடைச்சா உன்ட பொண்டாட்டிர தையல் மெசின் எனக்கு."

பாறூக் வாய் திறக்குமுன் அவன் மனைவி றஸீனா, மஜீட்டை அண்ணன் முறை வைத்துச் சொன்னாள்: "ஓம் காக்கா. உடையாட்டி, இவர் வெட்டினதெண்டு ஊரறியச் சொல்லணும்."

அந்த மெசின் போனால் அடுப்பு எரியாது. ஆனாலும் புருசன் தலைகுனிந்து தெருவில் போவதை அவளால் இனிப் பார்க்க முடியாது.

ஊரில் கரண்ட் இல்லை. மெசின் வாரை ஓர் அச்சில் மாட்டி, நுனியில் செப்புச் சில்லைப் பூட்டினார்கள். கண்ணாடியை அரைக்கும் குருந்தக்கல் தூளை எண்ணெயில் குழைத்து அதில் பூசினான் பாறூக். மிதிக்க றஸீனா உட்கார்ந்தாள். சின்ன வயதிலிருந்து தறி மிதித்து உரமேறிய கால்.

"ஒரே சீரா மிதி புள்ள. ஆட்டம் வந்தா கிளாசு போச்சு."

பாய்மரத்து உச்சியிலிருந்து கப்பலின் மூக்கு வரை கிடந்த கீறலை, பாய் இழுக்கும் கயிறாக வெட்டத் தொடங்கினான். பாதியில் ஹெலிகொப்டர் ஒன்று தாழப் பறந்தது. வாவிப் பக்கம் வெடி. மஜீட் கட்டிலுக்குக் கீழே பாய்ந்தான். பாறூக்கின் தோள் துள்ளியது.

"கிளாசப் பாருங்க!" றஸீனா அதட்டினாள். "வானத்த நான் பாத்துக்கிறன்."

கால் பிசகவில்லை. சில்லும் பிசகவில்லை. கயிற்றின் முறுக்கு ஒவ்வொன்றாக வந்து விழுந்தது.

வெடி ஓய்ந்ததும் மஜீட் தவழ்ந்து வந்தான். கழுவிய கிளாசில் சிவப்புச் சர்பத்தை ஊற்றி, திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"கீறல் எங்கடா?"

வெள்ளைக் கயிறு பாயை விறைப்பாக இழுத்து நின்றது. தெருவில் கூடியவர்களிடம் கிளாசைத் தூக்கிக் காட்டி மஜீட் கத்தினான்: "பாறூக் வெட்டினது! எங்கட பாறூக்!" பிறகு குரலைத் தாழ்த்தி, "மத்தக் கிளாசுகளும் மங்கிக் கிடக்கு மச்சான்," என்றான்.

"கொண்டு வாங்க காக்கா," என்றாள் றஸீனா, காலை நீட்டிப் பிடித்துவிட்டபடி. "மிதிக்கிறது நீங்க."

தெருவே சிரித்தது. மஜீட் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மெசினில் உட்கார்ந்தான்.

"மெதுவா காக்கா. இது தேத்தண்ணி ஆத்துற வேலயில்ல," என்றாள் றஸீனா.