கணு இல்லாத வாத்து

என் வீட்டுக்காரருக்குக் குடிப்பழக்கம் கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. அவருக்கு இருந்தது ஸ்க்ரோல் சா. என்னைக் கேட்டால் சீட்டாட்டமே தேவலை என்பேன். அதில் வீடு முழுக்கத் தூசி பறக்காது.

பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். அது தையல் மெஷின் மாதிரி இருக்கும். ஊசி இருக்க வேண்டிய இடத்தில் நூல் கனத்துக்கு ஒரு ரம்பம் மேலும் கீழும் ஆடும். பலகைமேல் படத்தை ஒட்டி, இரண்டு கையாலும் மெல்ல நகர்த்திக் கோட்டோடு கொண்டுபோக வேண்டும். வாத்து, மீன், பெயர்ப் பலகை என்று எதை வேண்டுமானாலும் வெட்டலாம். அவர் கட்டட அலுவலகத்தில் வரைபடம் போட்டவர். கோடு என்றால் உயிர். முப்பத்தொரு வருஷமாக எங்கள் பின் அறையில் அந்த மெஷின் இருக்கிறது.

தானுண்டு தன் வேலையுண்டு என்று வெட்டிக்கொண்டிருந்தால் நான் ஏன் குறை சொல்கிறேன்? கிடைத்தவர்கள் தலையிலெல்லாம் அதைக் கட்டப் பார்ப்பார். பல் டாக்டர் வாயைத் திற என்றால் திறந்த வாயோடு ஸ்க்ரோல் சா பற்றிப் பேசுவார். மீட்டர் ரீடிங் எடுக்க வந்தவர் தானே வெட்டிய ஒரு மர வாத்தோடு போனார். மருமகன் முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது, காபி ஆறுவதற்குள் கையில் பலகையைக் கொடுத்து மெஷின் முன்னால் உட்கார வைத்துவிட்டார். அந்தப் பிள்ளை இன்றுவரை பின் அறைப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் வாத்துதான். உள்ளே துளை போட வேண்டாம், ஓரத்தோடு ஒரு சுற்று சுற்றினால் போதும். அவர்கள் வெட்டியது வாத்தோ, உடைந்த செருப்போ, எப்படி இருந்தாலும் இவர் தூக்கிப் பிடித்துப் பார்த்து, "முதல் வெட்டுக்கு இது அபாரம்" என்பார். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. வாய் கூசாமல் ஏன் பொய் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். "ரெண்டாவது துண்டை அவங்க கையில எடுக்கணும்ல" என்றார். என்னையும் உட்கார வைக்க எவ்வளவோ பார்த்தார். ரம்பம் மாட்டக் காட்டிக் கொடுத்தார், இறுக்கிய ரம்பத்தைச் சுண்டி அதன் சத்தத்தைக் கேட்கச் சொன்னார். நான் அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்துபோய்விடுவேன்.

போன வருஷம் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது பிரஷ் அவர் கையிலிருந்து விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே சரிந்துவிட்டார். வலது பக்கம் மொத்தமும் போனது. பேச்சு ஒரு மாதத்தில் திரும்பியது. கால், இழுத்து இழுத்து நடக்கிற அளவுக்கு வந்தது. கை மட்டும் வரவில்லை. விரலை மடக்குவார், மடங்கும். பிடிக்கச் சொன்னால் பிடிக்காது. ஆறு மாதத்துக்குள் வந்தால் உண்டு, அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நான் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை.

ஆறாவது மாதம் முடிகிற சமயத்தில் அவர் தானாகப் போய் மெஷின் முன்னால் உட்கார்ந்தார். இடது கைக்கு அகப்பட்ட பலகையை எடுத்தார். அதில் ஒரு கறுத்த கணு இருந்தது. மற்ற நாளாக இருந்தால் கணு இருக்கிற பலகையைத் தொட மாட்டார். இடது கையால் படத்தை ஒட்டி, வலது கையைத் தூக்கிப் பலகைமேல் வைத்து, வாத்து வெட்ட ஆரம்பித்தார். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. சமையலறைக்குப் போய்க் கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன்.

வாத்துக்கு மூக்கு இல்லை. ரம்பம் கோட்டைவிட்டு ஓடிக் கணு இருந்த கழுத்துக்குள் பாதிவரை இறங்கியிருந்தது. அவர் அதை மேஜையிலேயே வைத்துவிட்டு வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். சாப்பிடக் கூப்பிட்டேன், வேண்டாம் என்று தலையசைத்தார். அந்த முதுகைப் பார்த்ததும் இந்த மனுஷன் இனி எழுந்திருக்க மாட்டார் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் கைகால் பயிற்சி நிலையத்து வேன் வந்து அவரைக் கூட்டிப்போகும், இரண்டரை மணி நேரம் கழித்துக் கொண்டுவந்து விடும். மறுநாள் திங்கட்கிழமை, வேன் தெருமுனை திரும்பியதும் நான் பின் அறைக்குப் போனேன். அதே பலகையில் பக்கத்து இடத்தில் இன்னொரு வாத்துப் படத்தை ஒட்டினேன். முதலில் ரம்பத்தைத் தலைகீழாக மாட்டிவிட்டேன். பல் கீழே பார்த்து இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பலகை துள்ளிக்கொண்டு மேலே வரும், வந்தது. ஏழு ரம்பம் ஒடிந்தது. கடைசி இருபது நிமிஷத்தில் ஒரு வாத்து முழுசாகக் கையில் வந்தது. ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து மேஜைமேல் வைத்தேன். அவருடைய வாத்தைக் குப்பைக் கூடைக்கு அடியில் போட்டேன்.

திரும்பி வந்தவரிடம், "நேத்து நீங்க வெட்டினதுதான். ஓரத்துக்கு உப்புத்தாள் மட்டும் நான் போட்டேன்" என்றேன். ஒரு குழந்தைகூட நம்பாது. அவர் வாத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலால் கழுத்தைத் தடவினார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "பரவாயில்லையே" என்றார். அன்றைக்கு இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்கு அது போதுமாக இருந்தது.

அதன்பிறகு இதுவே வழக்கமாகிவிட்டது. அவர் ஞாயிற்றுக்கிழமை ஒன்றைச் சிதைப்பார், நான் திங்கட்கிழமை அதையே ஒழுங்காக வெட்டி வைப்பேன். மீன், ஆமை, பூனை என்று ஜன்னலோரம் நிறைந்தது. என் வெட்டும் வாரத்துக்கு வாரம் தேறியது. அதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை என்று சொன்னால் அதுவும் பொய்தான்.

நான் எதிர்பார்க்காதது ஒன்றுதான். அவர் பழைய வேலையை ஆரம்பித்துவிட்டார். அந்த முதல் வாத்தைப் பயிற்சி நிலையத்துக்கு எடுத்துப்போய் அங்கே இருக்கிறவர்களிடம் காட்டி, இது நல்ல பொழுதுபோக்கு, கைக்கும் நல்லது, மனசுக்கும் நல்லது என்று ஆள் சேர்க்கத் தொடங்கினார். பயிற்சி கொடுக்கிற பெண்ணுக்கு ஒரே ஆச்சரியம். இவர் வெட்டியது என்று எழுதி, பூனையையும் ஆமையையும் அலமாரியில் வைத்துவிட்டாள்.

அங்கே ஒரு தையல்காரர் வருவார். நாற்பத்திரண்டு வயது, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண் பிள்ளைகள். அவருக்கும் வலது பக்கம்தான் போயிருந்தது. தையல் மெஷின் மாதிரியே இருக்கும் என்று இவர் சொன்னதும் அவர் ஒட்டிக்கொண்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு எங்கள் வீட்டுக்கு வந்து மெஷினைப் பார்த்தார். கால் தானாக மிதியைத் தேடியது, இதற்கு மிதி கிடையாது என்று சிரித்தார். இவர் அந்த வாத்தை அவருக்கே கொடுத்துவிட்டார். அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்து, "சாருக்குக் கை வந்துருச்சுல்லக்கா. எனக்கும் வந்துரும்" என்றார். நான் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

ஒரு மாதம் கழித்துப் பயிற்சி கொடுக்கிற பெண் எனக்குப் போன் செய்தாள். தையல்காரருக்குச் சீருடை தைக்கிற ஓர் இடத்தில் துணி வெட்டுகிற வேலை தயாராக இருக்கிறதாம். இடது கையால் கத்தரிக்கோல் பிடிக்கப் பழகிவிட்டால் மாதக் கடைசியில் சேர்த்துக்கொள்வார்களாம். நன்றாகப் பழகிக்கொண்டிருந்தவர் திடீரென்று நிறுத்திவிட்டார். வலது கை வரப்போகிறது, இடது எதற்கு என்கிறார். ஆளுக்கு ஆள் உடம்பு வேறுபடும் என்று சொன்னால் சட்டைப் பையிலிருந்து வாத்தை எடுத்துக் காட்டுகிறார். சார் சொன்னால் கேட்பார், கொஞ்சம் சொல்லச் சொல்லுங்கள் என்றாள்.

அப்போதே அவளிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் என் ஆளுடைய கை போய்விடும் என்று பயந்து விழுங்கிவிட்டேன். ஏற்கெனவே போன கைக்காக இன்னொருவர் கையைப் பணயம் வைத்தேன், அவ்வளவுதான். போனில் வந்த விஷயத்தை மட்டும் அவரிடம் சொன்னேன். அவர் மெஷின் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "புதன்கிழமை மெஷினை வேன்ல ஏத்தச் சொல்லு. நீயும் வா" என்றார்.

நானும் அதே வேனில் ஏறினேன். பத்துப் பேர் முன்னால் வெட்டிக் காட்டப் போகிறார், மானம் போகப் போகிறது என்று நினைத்தேன். கூடத்தின் நடுவில் மேஜை போட்டு மெஷினை வைத்தார்கள். தள்ளுநாற்காலியில் இருப்பவர்கள், கோல் ஊன்றியவர்கள் எல்லாரும் சுற்றி வந்தார்கள். தையல்காரர் ஓரமாக நின்றார். இவர், "தம்பி, கிட்ட வந்து பாரு" என்று கூப்பிட்டு அவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

மெஷினைப் போட்டார். வலது கையைத் தூக்கிப் பலகைமேல் வைத்தார். முதல் வளைவு வரைக்கும் எப்படியோ வந்தது. அதற்குமேல் வலது கை சறுக்கியது, பலகை திரும்பிக்கொண்டது, ரம்பம் வாத்தின் வயிற்றுக்குள் புகுந்து டிங்கென்று ஒடிந்தது. அவர் மெஷினை நிறுத்தினார். மூக்கும் இல்லாமல் வாலும் இல்லாமல் இருந்த அந்தத் துண்டை இடது கையால் தூக்கித் தையல்காரரிடம் காட்டினார்.

"இதுதான் என் கை. நீ பாக்கெட்ல வெச்சிருக்கறது அவ கை" என்று என்னைக் காட்டினார். "நீ இடது கையைப் பழகு தம்பி."

பயிற்சி கொடுக்கிற பெண் அலமாரியில் இருந்த பூனையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. தையல்காரர் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. தன் வலது கையைக் குனிந்து பார்த்துவிட்டு, "அப்ப இது?" என்றார். அந்தப் பெண் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். அவர் கேட்கவில்லை. காலை இழுத்துக்கொண்டு வெளியே போய், கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் இருக்கும்போதே வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. இவர் போன் செய்தார், எடுக்கவில்லை. நான் வீட்டுக்கே போனேன். அவர் மனைவி வாசலிலேயே நிறுத்தி, எந்தக் கைக்கும் பயிற்சி வேண்டாம் என்று சொல்லிவிட்டார், எழுந்திருப்பதே சாப்பிடத்தான் என்றாள். சீருடை தைக்கிற இடத்தில் வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டார்களாம். என்னை அவள் திட்டவில்லை. உள்ளே வரச் சொல்லவும் இல்லை.

நேற்று வேன் டிரைவர் ஒரு துணிப் பையைக் கொடுத்துவிட்டுப் போனார். மிச்சத் துணியில் தைத்த பை, தையல் நேர்க்கோடாக இருந்தது, கை நன்றாக இருந்த காலத்தில் தையல்காரர் தைத்திருப்பார். உள்ளே வாத்து இருந்தது.

இவர் அதை மடியில் வைத்துக் கட்டைவிரலால் கழுத்தைத் தடவினார்.

"இங்க ஒரு கணு இருந்தது" என்றார். "கை வந்தா கணு எப்படிக் காணாமப் போகும்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்றைக்கே தெரியுமா என்று கேட்டேன். தொட்டதுமே தெரியும் என்றார். முப்பத்தொரு வருஷம் மரத்தைத் தடவியவரின் காதில் நான் பூச்சுற்றியிருக்கிறேன். பிறகு ஏன் வாயைத் திறக்கவில்லை, ஏன் ஞாயிற்றுக்கிழமைதோறும் போய் உட்கார்ந்தீர்கள் என்று கத்தினேன்.

"இப்படி வெட்டி வெச்சா எனக்குக் கை வந்துரும்னு நீ நம்புறேன்னு நெனச்சேன். அதைக் கெடுக்க வேணாம்னு பாத்தேன்."

"நான் எங்க நம்பினேன்? ஆறு மாசத்துக்கு மேல வராதுன்னு டாக்டர் என்கிட்ட சொல்லியாச்சு."

"என்கிட்டயும்தான் சொன்னார்."

அவர் வாத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "முதல் வெட்டுக்கு இது அபாரம்" என்றார். மருமகனிடமும் மீட்டர்காரரிடமும் சொன்ன அதே வார்த்தை. நான் எழுந்துபோய் மெஷின்மேல் பழைய போர்வையைப் போட்டு மூடினேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கை வரும் என்று நானும் நம்பவில்லை, அவரும் நம்பவில்லை. நம்பியவர் ஒரே ஒருவர்தான். அவர் இப்போது இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்.